எதன் முன் பணிவது

விளையாட்டில் கெட்டிக்காரத்தனம் காட்டும் குழந்தையைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது திறமை, ஒழுக்கம், பணிவு ஆகிய மூன்று சொற்களும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. பள்ளி ஆண்டு விழாக்களிலும், பயிற்சி முகாம்களின் பரிசளிப்புகளிலும், வென்று திரும்பிய வீரரை ஊர் கூடி வரவேற்கும் மேடைகளிலும் இவை திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதால், முதலாவது பிறவியிலேயே வாய்ப்பது என்றும் மற்ற இரண்டும் பெரியவர்கள் ஊட்ட வேண்டியவை என்றும் ஒரு நம்பிக்கை கேள்வியின்றி நிலைத்திருக்கிறது. இதில் தவறு என்று விரல் வைத்துக் காட்ட எளிதாக எதுவும் அகப்படுவதில்லை. இருந்தும் கேட்கும்தோறும் ஒரு நெருடல் மிஞ்சுகிறது. அதன் காரணத்தைச் சென்னை மைதானங்களில் விடியற்காலை நடக்கும் கிரிக்கெட் முகாம்களில் பார்க்கலாம். பனி ஈரம் ஏறிய நார் விரிப்பின் வாடையும், புதுக் கையுறையின் தோல் வாடையும், எதிர்க் கடையில் பால் பொங்கும் வாடையும் கலந்திருக்கும் அந்த நேரத்தில், தம் உயரத்தில் முக்கால்பங்கு நீளமுள்ள கிட் பையைச் சுமந்துவரும் சிறுவர்கள் பயிற்சியாளரின் காலைத் தொட்டு வணங்கிவிட்டு நெட்ஸுக்குள் நுழைகிறார்கள். விரிப்பை உருட்டிப் போட்டு, ஓரங்களில் ஆணி அறைந்து, ஸ்டம்புகளை நட்டு, இரவில் நாய்கள் கிளறிய மண்ணைச் சமன்செய்து வைத்த முதியவர் நாலடி தள்ளி நிற்கிறார். அவர்களில் பலர் அவரை ஏறிட்டுப் பார்ப்பதுகூட இல்லை. பணிவு கற்பிக்கப்பட்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. அணியில் இடம் வாங்கித் தரக்கூடிய ஒருவரை நோக்கி மட்டும் முதுகு வளையும்படி அது கற்பிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. குழந்தையின் நன்மைக்காகவா, பெரியவர்களின் வசதிக்காகவா இந்தப் பண்புகள் கேட்கப்படுகின்றன என்ற ஐயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒழுக்கத்தையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். முகாம்களில் அந்தப் பெயரைப் பெறுபவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறவை: நேரத்துக்கு வருவது, வெள்ளைச் சீருடை கறையின்றி இருப்பது, எதிர்த்துப் பேசாமலிருப்பது. இவை வேண்டாதவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு மட்டையாளரை உருவாக்கும் ஒழுக்கம் இவற்றுக்கு அடியில் வேறெங்கோ இருக்கிறது. ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளர் இரு சக ஆய்வாளர்களோடு 1993இல் வெளியிட்ட ஆய்வு, பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களைக் கொண்டு தேர்ச்சி எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தது. பின்னாளில் அது பத்தாயிரம் மணி நேரம் என்ற முழக்கமாகச் சுருங்கிப் பரவியபோது எரிக்சனே அந்தச் சுருக்கத்தை மறுத்தார். அவர் வலியுறுத்தியது மணிக்கணக்கைவிடப் பயிற்சியின் தன்மையை: ஒரு குறிப்பிட்ட குறையைத் தனியே பிரித்தெடுத்து, ஆசிரியர் ஒருவரின் கண்காணிப்பில், முழுக் கவனத்தோடு அதையே திருத்தும் உழைப்பு, அதுவும் செய்யும்போது பெரும்பாலும் இன்பம் தராத உழைப்பு. திறமையுள்ள குழந்தைக்கு இது மற்றவர்களைவிடக் கடினமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய சிறுவன், உயர எழும்பும் அந்தப் பந்தைக் குறுக்காக இழுத்துக் கூரைமேல் அடிக்கும்போது கைதட்டல் கிடைக்கிறது. நார் விரிப்பில் பந்து ஒரே சீராக எழுவதால் அங்கும் அந்த அடி பலிக்கிறது. புல் ஆடுகளத்தில் தோல் பந்து தையலில் பட்டு விலகத் தொடங்கும் பதினைந்து, பதினாறு வயதில்தான் அதே கை காட்டிக்கொடுக்கிறது. அதுவரை கிடைத்த கைதட்டலெல்லாம் குறையைப் பாதுகாத்து வளர்த்த கைதட்டல் என்பதை அந்த வயதில் ஒரு பிள்ளை ஏற்றுக்கொள்வது எளிதன்று. திறமை தன்னைத் திருத்திக்கொள்ளும் தேவையைத் தானே மறைத்துவிடுகிறது. ஓட்டங்களுக்கு இடையே கூப்பிடுவது, அடுத்தவர் எறிவதற்குப் பின்னால் போய்த் துணைக்கு நிற்பது, ஆட்டமிழந்த பிறகும் எல்லைக்கோட்டருகே உட்கார்ந்து ஆட்டத்தைக் கவனிப்பது போன்ற, பளபளப்பே இல்லாத வேலைகளில் ஒரு சிறுவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பார்த்தால் அவனுடைய ஒழுக்கத்தைப் பற்றி அவன் சீருடை சொல்வதைவிட அதிகம் தெரியவரும்.

மும்பை சிவாஜி பூங்காவில் பயிற்சியளித்த ரமாகாந்த் ஆச்ரேக்கர் இதற்குக் கண்டுபிடித்த வழி ஒரு ரூபாய் நாணயம். நெட்ஸ் முடியும் தறுவாயில் அவர் நடுக்குச்சியின் மேல் அந்த நாணயத்தை வைப்பார். ஆட்டமிழக்கச் செய்பவருக்கு நாணயம், கடைசிவரை நின்றால் மட்டையாளருக்கு நாணயம். முகாமிலிருந்த சிறுவர்கள் எல்லோரும் களத்தடுப்பில் சூழ்ந்து நிற்பார்கள் என்பதால் பந்தைத் தூக்கி அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஆபத்து. தரையோடு அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சச்சின் தெண்டுல்கர் அப்படி வென்ற 13 நாணயங்களைத் தம் அரிய உடைமைகளாகக் காத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உயர அடிக்காதே என்ற அறிவுரை அதில் எங்கும் இல்லை. களைத்துப்போன அந்த மாலை நேரத்தில், கால் கனக்கும்போது, கவனம் கலையாதிருந்தால் என்ன கிடைக்கும் என்பதை ஆட்டமே சொல்லிக்கொடுக்கும்படி நிலைமை அமைக்கப்பட்டிருக்கிறது. ஒழுக்கம் ஒருவரின் குரலாக வெளியிலிருந்து வருவதற்கும், செய்கின்ற காரியத்தின் தேவையாக உள்ளிருந்து எழுவதற்கும் உள்ள தொலைவு இங்கே தெரிகிறது. அதே முகாமில் நாணயம் கிடைக்காமல் வீடு திரும்பிய பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதியதில்லை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் ஓடிப் பிடிக்காமல் அந்த நாணயத்துக்கு மதிப்பு வந்திருக்காது.

ஆனால் ஆச்ரேக்கரைப் பற்றி நாணயத்தைவிட அதிகமாகச் சொல்லப்படும் கதை வேறொன்று. தனக்கு ஏற்பாடு செய்யப்பட்டிருந்த பயிற்சி ஆட்டத்துக்குப் போகாமல், தன் பள்ளியின் மூத்த அணி ஆடிய இறுதிப் போட்டியைப் பார்த்துக் கைதட்டப் போயிருந்த சிறுவன் சச்சினை அவர் கன்னத்தில் அறைந்தார் என்றும், பிறருக்குக் கைதட்டுவதை விட்டுவிட்டுப் பிறர் உனக்குக் கைதட்டும்படி ஆடு என்று சொன்னார் என்றும் அந்தக் கதை போகிறது. தெண்டுல்கரே நன்றியோடு நினைவுகூர்ந்த நிகழ்ச்சி அது. அந்த நன்றியை ஐயப்பட வேறு எவருக்கும் உரிமையில்லை. ஆனால் பல்லாயிரம் வீடுகளில் அது ஒரு சான்றிதழாக வழங்கப்படும்போது அச்சம் எழுகிறது. அறை வாங்கிய ஒருவர் உச்சிக்குப் போனதால் அறை ஒரு பயிற்சிமுறை ஆகிவிடுகிறது. அறை வாங்கி ஆட்டத்தையே விட்டுவிட்டவர்கள் கணக்கில் வருவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்திருக்கிறது. ஆனால் பள்ளி வாசலைத் தாண்டி மைதானத்துக்கு வந்ததும் அதே குழந்தையை அதே பெற்றோர், நாலு அடி போட்டாவது ஆளாக்கிவிடுங்கள் சார் என்று சொல்லி ஒப்படைக்கிறார்கள். அச்சத்தால் வந்த ஒழுங்கு அச்சமூட்டுகிறவர் இருக்கும்வரைதான் நிற்கும் என்பது இதன் சிறிய கேடு. பெரிய கேடு ஒன்று உண்டு. பயிற்சியாளர் சொல்வதை மறுக்கக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, வீட்டில் போய்ச் சொல்லக்கூடாது என்று பழக்கப்பட்ட குழந்தை, தன்மேல் தவறான கை விழும்போதும் மறுக்கத் தெரியாமல் நிற்கிறது. விளையாட்டுத் துறையில் சிறுவர்களும் சிறுமியரும் சீண்டப்பட்ட செய்திகள் வெளிவரும்போதெல்லாம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறவர்கள், சொல்லாமலிருப்பதைத்தான் ஒழுக்கம் என்று தாங்களே கற்பித்து அனுப்பியதை எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த ஒன்றில் இரு பக்க நியாயம் என்று எதுவும் இல்லை.

திறமையும் ஒழுக்கமும் பற்றிய பேச்சு மும்பையில் எங்கு தொடங்கினாலும் 1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்துக்கு வந்து சேர்கிறது. பள்ளிகளுக்கிடையிலான ஹாரிஸ் கேடயப் போட்டியில் சாரதாஷ்ரம் பள்ளிக்காகப் பதினாறு வயது வினோத் காம்ப்ளியும் பதினான்கு வயது தெண்டுல்கரும் பிரியாமல் 664 ஓட்டங்கள் சேர்த்தார்கள். காம்ப்ளி 349, தெண்டுல்கர் 326, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. இதை ஒழுக்கத்தின் உச்சமாகக் காட்டுகிறவர்கள், ஆட்டத்தை முடித்துக்கொள்ளச் சொல்லி எல்லைக்கோட்டிலிருந்து உதவிப் பயிற்சியாளர் சைகை காட்டிக்கொண்டிருந்ததையும், அவர் பக்கம் பார்த்தால்தானே கேட்க வேண்டும் என்று இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆடியதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கீழ்ப்படியாமையும் ஆட்டத்தின் மேலுள்ள தீராத பசியும் அங்கே ஒன்றாக இருந்தன. எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்பது ஐயம். பின்னர் அந்த இருவர் வாழ்க்கையும் பிரிந்து சென்றதை வைத்து ஒரு நீதிக்கதை எழுந்தது. அடுத்தடுத்த டெஸ்டுகளில் இரட்டைச் சதம் அடித்து, 17 டெஸ்டுகளில் 54.20 என்ற சராசரியை எட்டிய காம்ப்ளி தம் கடைசி டெஸ்டை 1995இல், 23 வயதில் ஆடி முடித்தார். ஒருவரிடம் ஒழுக்கம் இருந்தது, மற்றவரிடம் இல்லை என்று அந்த நீதிக்கதை இரண்டே வரியில் தீர்ப்பளித்துவிடுகிறது. தெண்டுல்கரின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் பள்ளி மாறியபோது, மைதானத்துக்கு நடந்தே போகும் தொலைவில் சிவாஜி பூங்கா அருகே இருந்த உறவினர் வீட்டில் அவரைத் தங்கவைக்க ஒரு குடும்பத்தால் முடிந்தது. காம்ப்ளியோ தொலைவிலிருந்த காஞ்சூர்மார்க்கிலிருந்து கூட்டம் பிதுங்கும் மின்தொடரில் கிட் பையோடு வந்துபோனார். மாலையில் களைத்துத் திரும்பும் ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிடத்தில் சோறு கிடைக்கிறது, எத்தனை மணிக்குத் தூங்கமுடிகிறது என்பவை ஒழுக்கத்தின் கணக்கில் சேராதவையாக எப்படி ஆகும்? ஒருவரின் வாழ்க்கையை அவர் உயிரோடிருக்கும்போதே பிறர் பிள்ளைகளுக்கான எச்சரிக்கைப் பலகையாக நட்டுவைப்பது பண்பான காரியமும் ஆகாது.

பணிவுக்கு வரும்போது இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாகிறது, ஏனெனில் பணிவு எல்லோரிடமும் ஒரே அளவில் கேட்கப்பட்டதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூனா கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலைக்கு மாதம் நான்கு ரூபாய் சம்பளத்தில் சேர்ந்த பல்வங்கர் பாலு, தோல் தொழில் செய்யும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். அங்கே ஆடிய ஆங்கிலேயர்களுக்கு, குறிப்பாக ஜே. ஜி. கிரெய்க் என்ற மட்டையாளருக்கு, நெட்ஸில் அவர் மணிக்கணக்காகப் பந்து வீசினார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் கிரெய்க் எட்டணா கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. மட்டை பிடிக்க மட்டும் பாலுவுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. எரிக்சன் பின்னாளில் விவரித்த பயிற்சி, நூறு ஆண்டுகளுக்கு முன்பு, கூலியாகவும் கட்டாயமாகவும் அந்த வலைக்குள் நடந்தது. பூனா இந்துக்களின் அணி வெற்றியை நாடி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அதே பந்தைத் தொட்டவர்கள் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்த அவர், ஒருமுறைகூட இந்து அணியின் தலைவராக்கப்படவில்லை. அவரைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளில் அமைதியானவர், அடக்கமானவர் என்ற பாராட்டு வரும்போது வாசிப்பவருக்குச் சற்றுத் தயக்கம் ஏற்பட வேண்டும். தலை நிமிர்ந்தால் வெளியேற்றப்படும் ஒருவரின் தாழ்ந்த தலையைக் குணம் என்று எப்படிப் பெயரிடுவது? இன்றும் பெரிய பள்ளியின் சீருடையில் வரும் சிறுவன் நடுவரோடு வாதிட்டால் அது துடிப்பு என்றும், மாநகராட்சிப் பள்ளிச் சிறுவன் அதையே செய்தால் திமிர் என்றும் பெயர் பெறுவதை மைதானத்தோடு பழகியவர்கள் அறிவார்கள்.

பெண் குழந்தைகளிடம் கேட்கப்படும் பணிவிலும் இதே கலப்படம் இருக்கிறது. பேச்சில், நடையில், உடையில் ஒடுங்கியிருக்கச் சொல்லி வளர்க்கும் வீடு, அதே சிறுமி களத்தில் மட்டும் பந்தைத் தயங்காமல் அடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. விமானப்படையில் பணியாற்றிய தமிழரான துரைராஜ், காலையில் எழுந்திருக்கச் சோம்பும் தம் மகளைத் திருத்துவதற்காக, செகந்திராபாத்தில் அவள் அண்ணன் பயின்ற முகாமுக்கு அழைத்துப்போனார். பரதநாட்டியம் பயின்றுகொண்டிருந்த அந்த மிதாலி ராஜ் பதினான்கு வயதில் 1997 உலகக் கோப்பைக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்று, இறுதி அணியில் இடம் கிடைக்காமல் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1999 ஜூனில் அயர்லாந்துக்கு எதிராகத் தம் முதல் ஒருநாள் ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 114 ஓட்டங்களும், 2002இல் டான்டனில் இங்கிலாந்துக்கு எதிராக 214 ஓட்டங்களும் அடித்தபோது அவர் இன்னும் இருபதைத் தொடவில்லை. அந்த இரண்டாண்டுக் காத்திருப்பில் ஒரு பணிவு இருந்தது. அது யாருக்கும் முன்னால் ஒடுங்கியதால் வந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் ஒரு திறமையுள்ள குழந்தையிடம் எந்தப் பணிவைத்தான் எதிர்பார்ப்பது? தன்னைப் பற்றிய சரியான அளவீடு என்று அதைக் கொள்ளலாம். கனடாவின் பனி ஹாக்கி அணிகளை எண்பதுகளின் நடுவில் ஆராய்ந்த ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர், தேர்வான வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி அதிகமாக இருப்பதைக் கவனித்தார். வயது வரம்பு ஜனவரி 1இல் கணக்கிடப்பட்டதால், ஜனவரியில் பிறந்த பிள்ளை டிசம்பரில் பிறந்த பிள்ளையைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்ததாக இருந்தும் ஒரே பிரிவில் ஆடியது. பத்து வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் வலுவிலும் பெரிய வேறுபாடு. தேர்வானவனுக்கு நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டங்களும் கிடைக்க, தொடக்கத்தில் வெறும் மாதங்களாக இருந்த வேறுபாடு பின்னர் உண்மையான தேர்ச்சி வேறுபாடாகவே மாறிவிடுகிறது. இந்தியச் சிறார் கிரிக்கெட்டில் வரம்பு செப்டம்பர் 1. பதின்மூன்று வயதுக்குள் ஆடும் பிரிவில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக நின்று ஆறுகளாக அடிக்கும் சிறுவனின் திறமையில் எத்தனை பங்கு அவனுடைய மணிக்கட்டு, எத்தனை பங்கு அவன் பிறந்த மாதம், எத்தனை பங்கு முன்கூட்டியே வந்த வளர்ச்சி என்று பதினேழு வயதுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதை அவனுக்குப் புரியும் மொழியில் சொல்லிவைப்பது அவனைச் சிறுமைப்படுத்துவது ஆகாது; மற்றவர்கள் வளர்ந்து வந்து எட்டிப்பிடிக்கும் நாளில் தான் திடீரென்று சிறுத்துவிட்டதாக எண்ணி அவன் உடைந்துபோகாமல் காப்பது அதுதான். குள்ளமாக இருப்பதால் பட்டியலுக்கு வெளியே நிற்கும் சிறுவனுக்கும் அந்த விளக்கம் அதே அளவு தேவை.

உடலின் முன்னும் ஒரு பணிவு உண்டு. பயிற்சியாளர்களே அதைப் பல நேரங்களில் மறந்துவிடுகிறார்கள். இளம் வேகப்பந்து வீச்சாளரின் கீழ்முதுகு எலும்பு, வளர்ச்சி முடியாத பருவத்தில் ஓவர் ஓவராக முறுக்கி வளைக்கப்படும்போது நுண்ணிய பிளவு கொள்கிறது. அழுத்த முறிவு எனப்படும் இந்தக் காயம் ஒரே நாளில் நேர்வதில்லை, வலியைப் பொறுத்துக்கொண்டு வீசிய பல மாலைகளின் விளைவாக வருகிறது. டென்னிஸ் லில்லி 1973இல் அப்படித்தான் முதுகை முறித்துக்கொண்டு, நீண்ட உடற்பயிற்சிச் சிகிச்சையால் தம்மைத் திரும்பக் கட்டியெழுப்பி, 1974 இறுதியில் ஆஸ்திரேலிய அணிக்குத் திரும்பினார். 1987இல் சென்னையில் தொடங்கிய எம்ஆர்எஃப் வேகப்பந்துப் பயிற்சி மையத்தை வழிநடத்த வந்தவர் அவர். வேகப்பந்து வீச்சாளராகும் ஆசையோடு அங்கே வந்த பதின்வயதுத் தெண்டுல்கரை, மட்டையாட்டத்தில் கவனம் செலுத்தும்படி சொல்லித் திருப்பியனுப்பியவரும் அவரே. அந்த மறுப்பை ஒரு சிறுவன் அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் தகவலாக எடுத்துக்கொண்டது பெரிது. மறுத்தவர் வேறு வழியையும் சேர்த்துச் சொன்னது அதற்கு உதவியிருக்க வேண்டும். வலிக்கிறது என்று சொல்லும் சிறுவனைச் சோம்பேறி என்று திட்டும் முகாமில் ஒழுக்கம் இருக்கிறது என்று எவ்வாறு ஒப்புக்கொள்வது? நிறுத்தத் தெரிவதும் அதன் ஒரு பாதி.

எல்லாவற்றையும்விட வேதனையானது, ஒழுக்கத்தைப் பேசும் அதே வாய்கள் குழந்தையின் பிறந்த தேதியை மாற்றச் சொல்வது. வயதைக் குறைத்துக் காட்டிச் சிறார் பிரிவில் ஆடவைக்கும் வழக்கம் இந்திய விளையாட்டில் பரவலாக வேரோடியிருப்பதால்தான், இடது கை மணிக்கட்டின் எக்ஸ்ரேயைக் கொண்டு எலும்பு வயதைக் கணக்கிடும் சோதனையைக் கிரிக்கெட் வாரியம் பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவில் நடத்த வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரில் டெல்லியில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவு ஆற்றிய ராகுல் திராவிட் இந்த வழக்கத்தை நச்சு என்று கண்டித்து, சூதாட்ட மோசடியோடு ஒப்பவைத்துப் பேசினார். ஒரு நேர்மையான சிறுவனின் இடம் பறிபோகிறது என்பதோடு, ஏமாற்றினால் இடம் கிடைக்கும் என்பதைத் தன் தந்தையிடமிருந்தும் பயிற்சியாளரிடமிருந்தும் கற்ற ஒரு சிறுவன் உருவாகிறான் என்பதே அவர் கவலையின் சாரம். பதினான்கு வயதுப் பிள்ளை பள்ளியில் ஒரு வயதும் மைதானத்தில் ஒரு வயதும் சொல்லப் பழகி, தன் பிறந்தநாளைக் கூட்டாளிகளிடம் மறைத்து, எந்த நேரமும் பிடிபடலாம் என்ற பதைப்போடு மட்டை பிடிக்கிறான். அவனிடம் போய் ஒழுக்கத்தைப் பற்றி என்ன சொல்ல மிச்சமிருக்கிறது?

பாராட்டு இன்னொரு தீராத கேள்வி. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களைச் சரியாக முடித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை அறிவாளி என்றும் சிலரை நன்றாக முயன்றாய் என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்களில் தோற்றபோது, அறிவாளி என்று பாராட்டப்பட்டவர்கள் விரைவில் ஊக்கம் இழந்தார்கள், தம் மதிப்பெண்ணைப் பிறரிடம் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில் அதிகம். மைதானத்தில் பிறவிக் கலைஞன் என்று பெயர் வாங்கிய சிறுவன் ஆட்டமிழந்ததும் ஆடுகளத்தையும் நடுவரையும் குறை சொல்வதன் வேர் இங்கே இருக்கலாம். தோல்வியை ஒப்புக்கொண்டால் அவனிடமிருந்து பறிபோவது அவனுடைய பெயரே. அதற்காகப் பாராட்டையே நிறுத்திவிடலாமா? ஆச்ரேக்கர் தம்மிடம் ஒருமுறைகூட நன்றாக ஆடினாய் என்று சொன்னதில்லை என்று தெண்டுல்கர் 2013 நவம்பரில் ஓய்வுபெற்ற நாளன்று வான்கடே மைதானத்தில் சொன்னார். மெத்தனம் வந்துவிடும் என்று ஆசிரியர் அஞ்சியிருக்கலாம். அந்தப் பேச்சின் அதே பகுதியில், அந்த ஆசிரியர் தம்மை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு நாளில் ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்கு, அடுத்தடுத்த ஆட்டங்களுக்கு அழைத்துச் சென்றதையும் சொன்னார். சொல்லாத பாராட்டை அந்த ஸ்கூட்டர் பயணங்கள் சொல்லியிருக்கும். வெயிலில் தன்னோடு அலையும் ஒரு பெரியவரின் கண்டிப்பும், நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதட்டுபவரின் கண்டிப்பும் குழந்தையின் காதில் ஒரே சொல்லாக விழுவதில்லை. ஆயினும் பாராட்டே கேளாமல் வளர்ந்த பத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மௌனத்தை அன்பு என்று சரியாகப் படித்திருப்பார்கள் என்ற ஐயத்துக்கு விடையில்லை.

தேர்வுப் பட்டியல் வெளிவரும் நாளில் இவையெல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. முன்பு சங்க அலுவலகத்தின் பலகையில் ஒட்டப்பட்ட தாள் இப்போது வாட்ஸப்பில் வருகிறது. பெயர் இல்லாத பிள்ளையின் வீட்டில் முதலில் எழும் சொல் பெரும்பாலும் சிபாரிசு என்பதாகவே இருக்கிறது. அது சில நேரம் உண்மையும் கூட, ஆகவே பணிந்து ஏற்றுக்கொள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் நியாயமில்லை. பாலுவின் சகோதரர்கள் தங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை வெளிப்படையாகச் சொல்லி அணியிலிருந்து விலகி நின்றார்கள்; அவர்களில் விட்டல் 1923இல் இந்து அணியின் தலைவரானார். தேர்வுக்குழுவை எதிர்த்த அந்தச் சகோதரர்கள் ஆட்டத்தை ஒருநாளும் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் வேறு சில நேரம் பட்டியலில் இடம்பெற்ற பையன் உண்மையாகவே மேலானவன். அவனுடைய கால் பந்தை நோக்கி இன்னும் சீக்கிரம் நகர்கிறது, அவ்வளவுதான். இது எந்த வகை என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு, அன்று மாலை வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் தாயிடமோ தந்தையிடமோ வந்து சேர்கிறது. அதைச் சொல்வதற்கு அவர்கள் மற்றப் பிள்ளைகளின் ஆட்டத்தையும் பார்த்திருக்க வேண்டும். தேர்வு ஆட்டங்களின்போது வேலியோரம் நிற்கும் பெற்றோர்களில் பெரும்பாலோர் தம் பிள்ளை மட்டை பிடிக்கும்போது கைப்பேசியில் படமெடுக்கிறார்கள். பிள்ளை ஆட்டமிழந்து வெளியே வந்ததும், அடுத்தவன் காவல் நிலை எடுத்து முதல் பந்தைச் சந்திப்பதற்குள் வண்டிச் சாவியைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.